பி.எல். முடித்தாயிற்று, அடுத்து என்ன? சட்டப் பட்டதாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைசி செமஸ்டர் முடிகிற மே, ஜூன் மாதங்களில் என் போனுக்கு ஓய்வு கிடையாது. பெரியப்பா மகனின் நண்பன், கட்சிக்காரர் ஒருவரின் மருமகள், நகல் மனு கொடுக்கிற இடத்தில் எனக்குப் பின்னால் நின்ற பையன் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். ஆட்கள்தான் மாறுவார்கள், கேள்விகள் அநேகமாக அதேதான். நான் மதுரையில் சட்டம் படித்தவள். மாவட்ட நீதிமன்றத்தில் மூன்றரை ஆண்டு ஜூனியர், சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் நாலு ஆண்டு, அப்புறம் மறுபடியும் கறுப்பு கோட்டு. இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

கோர்ட்டுக்குப் போகிற எண்ணமே இல்லை. அப்படியும் என்ரோல் செய்ய, அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமா?

செய்யுங்கள். அதுதான் முதல் வேலை. பொதுத்துறை வங்கியில் சட்ட அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கவே, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலின் பதிவு வேண்டும். சிவில் நீதிபதி, அரசு வழக்கு நடத்துநர், நோட்டரி என்று பின்னாளில் எதற்குப் போனாலும் ஆண்டுக் கணக்கு உங்கள் பதிவுத் தேதியிலிருந்துதான் ஓடும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருடம் விட்ட ஒருவர், முப்பது வயதில் வந்து அந்த இரண்டு வருடத்தைத் தேடினார். தேடி என்ன செய்வது?

கட்டணத்துக்குப் பயந்தும் பலர் தள்ளிப்போட்டார்கள். இப்போது அந்தக் கவலை இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 24-ஆம் பிரிவின்படி பொதுப் பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் சில மாநிலங்களில் நாற்பதாயிரத்தைத் தாண்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி.

ஒரே ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கி, அதை வைத்து மூன்றாண்டுச் சட்டப் படிப்பு முடித்தவர்களைப் பதிவு செய்ய மாட்டார்கள். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. வெளி மாநிலக் கல்லூரி ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டு, கடைசியில் இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

அகில இந்திய பார் தேர்வு கஷ்டமா?

இல்லை. 100 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். குறிப்புகள் எழுதாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40 சதவீதம் எடுத்தால் போதும். தொடர்ந்து தொழில் செய்ய, பதிவு செய்து இரண்டு ஆண்டுக்குள் இதில் தேற வேண்டும். கடைசி செமஸ்டர் மாணவர்களும் எழுத 2024-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தோற்பவர்களில் பாதிப் பேர் படிக்காமல் தோற்பதில்லை, புத்தகத்தைப் புரட்டத் தெரியாமல் தோற்கிறார்கள் என்பது என் எண்ணம். எந்தப் பிரிவு எந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் பழகியிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதன் இரண்டு கூட்டாளிச் சட்டங்களும் வந்துவிட்டன. அண்ணன் படித்த பழைய இ.பி.கோ. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நல்ல சீனியரை எப்படித் தேடுவது? எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாருமே இல்லை.

எங்கள் குடும்பத்திலும் இல்லை. அப்பா அரிசிக் கடையில் கணக்கு எழுதினார்.

நான் செய்த முதல் தப்பு, பெரிய பெயரைத் தேடிப் போனது. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஒன்பது ஜூனியர்கள். ஐந்து மாதம் கேஸ் கட்டு சுமந்தேன், வாய்தா கேட்டேன், சீனியரின் காருக்கு இடம் பிடித்தேன். ஒரு பிராதுகூட எழுதவில்லை. பிறகு, பெயர் பலகைகூட மங்கிப்போன ஒரு சிவில் வக்கீலிடம் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பழைய கட்டைக் கொடுத்து, "இதில் எதிர்வழக்குரை எழுதிட்டு வா, நான் எழுதினதைப் பார்க்காதே" என்றார். நான் எழுதியதில் அவர் மிச்சம் வைத்தது நாலு வரி. தொழில் படித்தது அங்கேதான்.

எனவே, சேருவதற்கு முன் ஒரு வாரம் சும்மா நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். யார் குறுக்கு விசாரணை செய்யும்போது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார் என்று பாருங்கள். யார் எப்போதும் "அடுத்த வாய்தா, யுவர் ஆனர்" என்றே நிற்கிறார் என்றும் தெரிந்துவிடும். அப்புறம் அந்த அலுவலகத்தின் குமாஸ்தாவிடம் ஒரு டீ குடித்துப் பேசுங்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எந்த அலுவலகத்தில் ஜூனியர் நிலைக்கிறார், எங்கே மூன்று மாதத்தில் ஓடுகிறார் என்பது அவரைவிட யாருக்கும் தெரியாது.

சீனியரிடம் நேரில் போய்க் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாலை ஆறு மணிக்கு மேல், கட்சிக்காரர் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். "சார், உங்ககிட்ட ஜூனியரா சேரணும், ரெண்டு வருஷமாவது இருப்பேன்" என்று நேராகச் சொன்னால் போதும். அந்த "ரெண்டு வருஷம்" முக்கியம். ஆறு மாதத்தில் ஓடுபவனுக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

ஜூனியருக்குச் சம்பளம் உண்டா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைப்பவர்கள் நினைக்கட்டும். கேளுங்கள்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. நடப்பில், "நாங்க எல்லாம் காசு வாங்கியா தொழில் கத்துக்கிட்டோம்" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. அப்படிச் சொல்பவருக்கு அன்று வீட்டில் சோறு இருந்தது என்பதுதான் விஷயம். வேட்டி மடித்துக்கட்டி வயலில் நிற்கிற அப்பாவிடம் இருபத்தைந்து வயதுப் பிள்ளை பஸ்ஸுக்குக் காசு கேட்க முடியாது. அதனால்தான் முதல் தலைமுறை வக்கீல்கள் பலர் இரண்டாம் வருடத்திலேயே தொழிலை விடுகிறார்கள்.

மாதத் தொகை ஒத்துவராவிட்டால், வேலைக்குத் தகுந்தாற்போல் பேசிக்கொள்ளலாம். வாய்தாவுக்குப் போனால் இவ்வளவு, மனு தயார் செய்தால் இவ்வளவு, வெளியூர் போனால் பேட்டா. சின்ன ஊர்களில் இப்படித்தான் பல இடங்களில் ஓடுகிறது. ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டு, மாதம் 3,000 ரூபாய் கொடுக்கும் தமிழக அரசின் திட்டம் ஒன்று 2020-இல் தொடங்கப்பட்டது. வயது, வருமான வரம்பு உண்டு. உங்கள் பார் அசோசியேஷனில் விசாரித்துவிடுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றமா, மதுரைக் கிளையா, சொந்த ஊரா?

மனு எழுதப் பிடித்தவர்களுக்கு உயர் நீதிமன்றம், சாட்சியை விசாரிக்கப் பிடித்தவர்களுக்குக் கீழமை நீதிமன்றம். பாரிமுனையில் அறை வாடகை, மதுரைக் கிளைக்கு ஒத்தக்கடைப் பக்கம் போகும் பஸ், இதெல்லாம் அப்புறம். என்னைக் கேட்டால் முதல் இரண்டு ஆண்டு மாவட்ட நீதிமன்றம். ஒரு சாட்சி கூண்டில் ஏறியதும் எப்படித் தடுமாறுவார், ஒரு ஆவணத்தைச் சான்றாகக் குறியீடு செய்யும்போது எதிர்த்தரப்பு எங்கே ஆட்சேபிக்கும் என்பதெல்லாம் ரிட் மனுவில் தெரியாது. 2004-இல் மதுரைக் கிளை வந்தபிறகு தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. ஊரிலும் ஒரு கால், உயர் நீதிமன்றத்திலும் ஒரு கால் வைத்துக்கொள்ள முடிகிறது.

சிவில் நீதிபதி தேர்வுக்கு நேராகப் படிக்கலாமா?

முன்பு முடிந்தது. படித்து முடித்து மூன்று ஆண்டுக்குள் புதுப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கத் தனிப் பிரிவே தமிழ்நாட்டில் இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. கணக்கு, பார் தேர்வு தேறுவதற்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவின் தேதியிலிருந்து. பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதில் அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் கையெழுத்திட வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை வைத்தே முடிவெடுங்கள்.

இந்தத் தீர்ப்பைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இதில் அரை மனம். சாட்சிக் கூண்டையே பார்க்காத இருபத்திமூன்று வயது நீதிபதி முன் நின்றவள் நான், சங்கடம் தெரியும். ஆனால் அந்த மூன்று ஆண்டு யார் சோறு போடுவது என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. 2023-இல் 245 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. முதல்நிலை, முதன்மை, வாய்மொழி என்று மூன்று படி. முதன்மையில் மூன்று சட்டத் தாள்களோடு ஒரு மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. சாட்சியத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கில ஆவணத்தைத் தமிழுக்கும் மாற்ற வேண்டும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் கவிழ்வது அங்கேதான். "அவர் என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டி, கையால் முதுகில் குத்தினார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதிவிடுவார்கள். "வாதி அனுபவ பாத்தியத்தை நிரூபிக்கவில்லை" என்ற வரியைத் தமிழில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். கீழமை நீதிமன்றத் தீர்ப்பு நகல்களை தினம் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பழகுங்கள், வேறு மருந்து இல்லை.

சம்பளம்? இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய். படிகள் தனி.

வேறு அரசு வேலைகள்?

உதவி அரசு வழக்கு நடத்துநர் பதவியும் டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான். குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். சிவில் கேஸ் கட்டையே தூக்கிக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் ஆண்டு இதற்கு ஆசைப்பட்டால், கிரிமினல் அனுபவத்துக்குச் சான்று எங்கே வாங்குவது? ஆசை இருந்தால் முதல் ஆண்டிலேயே அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

பொதுத்துறை வங்கிகளின் சட்ட அதிகாரி தேர்வை, வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்துகிறது. 20 முதல் 30 வயது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஓ.என்.ஜி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், எல்.எல்.எம். சேர்க்கைக்கு நடக்கும் கிளாட் முதுநிலைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. எல்.எல்.எம். சேராவிட்டாலும் அந்தத் தேர்வை எழுதி வைப்பதில் நஷ்டம் இல்லை.

அதே மதிப்பெண் ராணுவத்தின் சட்டப் பிரிவுக்கும் வேண்டும். ஜாக் என்பார்கள். சட்டப் படிப்பில் 55 சதவீதம், 21 முதல் 27 வயது, திருமணமாகாதவராக இருக்க வேண்டும். தனி எழுத்துத் தேர்வு கிடையாது, ராணுவத் தேர்வு வாரியத்தின் எஸ்.எஸ்.பி. நேர்முகம்தான். பயிற்சி நம் சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலேயே. வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படியொரு வாசல் இருந்தும் நம் சட்டக் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

தொழில் செய்துகொண்டே மாதச் சம்பளம் கிடைக்கும் வழி ஏதாவது?

இரண்டு சொல்கிறேன். ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் அமைப்பு. 2022 முதல் மாவட்டந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. கைதாகி, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக முழுநேரமும் ஆஜராக வேண்டும், தனிப்பட்ட வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வழக்கறிஞருக்குப் பத்து ஆண்டு, துணைக்கு ஏழு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். உதவி வழக்கறிஞர் இடத்துக்கு மூன்று ஆண்டுக்கு உட்பட்டவர்களே போகலாம். ஒரே ஆண்டில் எத்தனை ஜாமீன் மனு, எத்தனை குறுக்கு விசாரணை! பெரிய அலுவலகத்தில் பத்து ஆண்டு நின்றாலும் இது கிடைக்காது.

இரண்டாவது, நீதிபதிகளிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மாதம் 30,000 ரூபாய், உச்ச நீதிமன்றத்தில் 80,000 ரூபாய் என்று அறிவிக்கைகள் வந்திருக்கின்றன. ஒப்பந்த வேலைதான். ஆனால் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து பார்க்கலாம்.

நிறுவன வேலைக்குப் போனால் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம் என்ன ஆகும்?

இதைக் கேட்காமலே பலர் சேர்ந்துவிடுகிறார்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-ஆவது, வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். வேலையை விட்டபின் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம், நான் செய்தது அதுதான். ஒருநாள் போக வேண்டிவந்தது, கொஞ்சம் காகிதம், வேறொன்றும் இல்லை. சொல்லாமல் இரண்டு படகில் கால் வைத்தவர்கள் பின்னாளில் அரசு வேலைக்குப் போகும்போது சான்று கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நிறுத்தி வைத்த காலம் தொழில் அனுபவத்தில் சேராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி ஆசை இருந்தால் முதலில் மூன்று ஆண்டை முடித்துவிட்டு நிறுவனத்துக்குப் போங்கள், தலைகீழாக வேண்டாம்.

பகுதிநேரமாகச் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல். சட்டப் புத்தகத்தை எடிட் செய்து கொடுக்கலாம், கட்டுரை எழுதலாம், தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கலாம். வக்கீல் பெயரில் ஜவுளிக் கடை நடத்த முடியாது.

நிறுவனத்தின் சட்டப் பிரிவில் உண்மையில் என்ன வேலை?

சினிமாவில் வருகிற வாதம் எதுவும் இல்லை. என் நாலு ஆண்டும் ஒப்பந்தத்தில் போயிற்று. சப்ளையர் ஒருவர் அனுப்பும் முப்பது பக்கத்தில், பணம் எப்போது வரும், தாமதமானால் வட்டி யார், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும் என்ற நாலு இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். விற்பனைப் பிரிவு "இன்னைக்கே கையெழுத்தாகணும் மேடம்" என்று தலைமேல் நிற்கும். "இந்த வரி வேண்டாம்" என்று சொல்வது சுலபம். "இந்த வரிக்குப் பதிலா இதைப் போடுங்க" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மரியாதை.

அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்பீர்கள். சம்பளம் ஒன்றாம் தேதி வந்தது, சனி ஞாயிறு விடுமுறை இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு, என் கையில் இருந்த ஒரு வழக்கை வெளி வக்கீலிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி என் நாக்கு நுனியிலேயே நின்றது. அன்றைக்கே முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித் தோன்றாது. என்னோடு சேர்ந்தவள் இன்று அங்கேயே பிரிவுத் தலைவி, நிம்மதியாக இருக்கிறாள்.

கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தம், தகவல் பாதுகாப்பு, விதி இணக்கம் பார்க்கும் வேலைகள் உண்டு. கம்பெனி செகரட்டரி படிப்பையும் சேர்த்து முடித்தவர்களுக்குக் கம்பெனிச் சட்டப் பக்கம் நல்ல கிராக்கி.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கிராமத்துப் பள்ளி, அரசு சட்டக் கல்லூரி. வழி உண்டா?

கார்ப்பரேட் பக்கம் ஆங்கிலம் வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை. எழுத்து ஆங்கிலம் முதலில், பேச்சு தானாக வரும். தினம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் முதல் ஐந்து பத்தியைக் கையால் எழுதுங்கள். நானே அப்படித்தான் பழகினேன், ஏழு நோட்டு தீர்ந்தது.

ஆனால் உங்களிடம் இருப்பதை மதிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பழைய தமிழ்ப் பத்திரத்தைக் கொடுத்தால் நகரத்துப் பிள்ளைகள் பலர் விழிக்கிறார்கள். "மேற்படி நாளது தேதியில்", "சர்க்கார் பாட்டைக்கு வடக்கு", "ஜாதியடி" என்று வரும் எழுத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தால் அது தொழில். வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்கும் முன் சொத்துக்கு லீகல் ஒப்பினியன், அதாவது பத்திரங்கள் சரியா என்ற வக்கீல் கருத்து கேட்கின்றன. முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

என்னிடம் ஜூனியராக வருபவர்களுக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். 1996-இல் அப்பாவும் இரண்டு மகன்களும் பூர்வீகச் சொத்தைப் பாகப்பிரிவினை செய்து பதிவு செய்திருக்கிறார்கள். மகள் கையெழுத்து இல்லை, அவளுக்கு 1992-இல் கல்யாணம். இந்தச் சொத்துக்குக் கடன் கொடுக்கலாமா? "2005-இல்தான் பெண்ணுக்கு உரிமை வந்தது, அதனால் கொடுக்கலாம்" என்று சொல்பவர்கள் பத்துக்கு எட்டுப் பேர். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மாநிலத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தத் தேதியில் கல்யாணமாகாத மகள் கூட்டுப் பங்குதாரர். அவளை விட்டுவிட்டுச் செய்த பிரிவினையில் ஓட்டை இருக்கிறது. இதைச் சொன்ன பெண் தென்காசிப் பக்கத்துக் கிராமம், நேர்முகத்தில் ஒரு வரி ஆங்கிலம் பேசவில்லை. மறுநாளே வரச் சொன்னேன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

"கடின உழைப்பாளி, குழுவாகப் பணிபுரிவேன்" எல்லாம் வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: இத்தனை விபத்து இழப்பீட்டு மனு தயாரித்தேன், இத்தனை சாட்சிகளை விசாரிக்கையில் கூட இருந்தேன், இந்த வகை ஒப்பந்தத்தைச் சரிபார்த்தேன். கட்சிக்காரர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரு பக்கம் போதும். நீங்களே எழுதிய மனு ஒன்றை, பெயர்களை அடித்துவிட்டு, கூட வையுங்கள். சான்றிதழ்க் கட்டைவிட அதைத்தான் நான் படிப்பேன்.

எல்.எல்.எம். படித்தால் வேலை கிடைக்குமா?

ஆசிரியர் வேலைக்கு வேண்டும். அதோடு நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம், அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம். வேலை கிடைக்காததால் எல்.எல்.எம். என்றால், இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்வியோடு வருவீர்கள்.

"என் மகள் பி.எல். முடித்திருக்கிறாள். பெண் பிள்ளைக்கு இந்தத் தொழில் சரிவருமா அம்மா?"

போன மாதம் ஒரு தாய் கேட்டது இது. அக்கா, சரிவரும். ஆனால் சேர்க்கும் முன் அலுவலகத்தை நேரில் பாருங்கள். வேறு பெண் ஜூனியர் இருக்கிறாரா, இரவு எத்தனை மணி வரை உட்கார வைக்கிறார்கள், கழிப்பறை எங்கே? சின்ன ஊர் நீதிமன்ற வளாகங்களில் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. மாப்பிள்ளை பார்க்கிறீர்கள் என்றால், "வக்கீலா, வேலைக்குப் போற பொண்ணா" என்று கேட்பவர்களிடம் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள்.

நாற்பது வயதில் சட்டம் முடித்தேன். காலம் கடந்துவிட்டதா?

தேர்வு வேலைகளுக்குப் பெரும்பாலும் கடந்துவிட்டது. தொழிலுக்கு இல்லை. வருவாய்த் துறையிலோ வங்கியிலோ காவல் துறையிலோ இருந்துவிட்டு வருபவர்களுக்கு அந்தந்தத் துறைக் காகிதம் அத்துப்படி. அந்தப் பக்கமே தொழிலை ஆரம்பியுங்கள்.

இணையத்தில் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கலாமா?

கூடாது. இந்திய பார் கவுன்சிலின் விதி 36 தடுக்கிறது. வழக்கறிஞர்களைப் பட்டியல் போட்டு, மதிப்பெண் கொடுத்து விற்கும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை விளக்கி எழுதுவதும் பேசுவதும் வேறு. "விவாகரத்துக்கு அழைக்கவும்" என்று ரீல்ஸ் போடுவது வேறு.

அதேபோல, பணம் கட்டினால் "நீதிமன்றத்தில் நியமனம்", "வங்கிப் பேனலில் இடம்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாமே மோசடி. எங்கள் பார் அறையிலேயே ஒரு பையன் பதினெட்டாயிரம் ரூபாயை விட்டான். வக்கீல் ஏமாந்தால் புகார் கொடுக்கக்கூட வெட்கப்படுகிறான்.

கடைசியாக ஒன்று: கறுப்பு கோட்டு எத்தனை வாங்க வேண்டும்?

ஒன்று வாங்குங்கள், நல்லதாக, காற்றுப் போகிற துணியில். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக் காலத்தில் கோட்டு கட்டாயமில்லை என்று விதியே சொல்கிறது. கழுத்துப் பட்டை மட்டும் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சலவையில் இருக்கும், ஒன்றை யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள்.